முதல் மசில்லோடர்: இரும்புக் குறியோடு மான் வேட்டைக்கு எதை வாங்குவது?

அமெரிக்காவில் சாதாரண ரைஃபிளோடு இரண்டு மூன்று சீசன் மான் வேட்டைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அடுத்ததாக வரும் ஆசை மசில்லோடர், அதாவது குழல் வாய் வழியாக வெடிமருந்து போட்டுச் சுடும் துப்பாக்கி. பெரும்பாலான மாநிலங்களில் இதற்கென்று தனி சீசன் உண்டு. காட்டில் கூட்டம் குறைவு. தொலைநோக்கி வழியாக 300 கெஜத்திலிருந்து சுடும் வேலை இதில் இல்லை, மானுக்குப் பக்கத்தில் நாமே போய்ச் சேர வேண்டும். இந்த வேட்டையில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் கடைக்குப் போனால் ஒரு மூலையில் 1770களில் செய்தது போன்ற நீளமான மரக்கட்டைத் துப்பாக்கி நிற்கும். இன்னொரு மூலையில், நவீன ரைஃபிளிலிருந்து வித்தியாசமே தெரியாத கறுப்பு பிளாஸ்டிக் கட்டைத் துப்பாக்கி நிற்கும். இரண்டும் மசில்லோடர் என்ற ஒரே பெயரில்தான் விற்கின்றன.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்புக் குறியை (தொலைநோக்கி இல்லாமல், குழல்மேல் இருக்கும் முன்குறி பின்குறியை) மட்டும் நம்பி வேட்டையாடப் போகிறவருக்கு முதல் துப்பாக்கி .50 காலிபரில் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), பக்கவாட்டில் உள்ள சுத்தியல் ஒரு சிறு வெடிமூடியை அடித்துத் தீ வைக்கும் கேப்பு வகையாக, குழல் 28 அங்குலமோ அதற்கு மேலோ இருப்பதாக அமைவது நல்லது. இதை மாற்றக்கூடியவை இரண்டு: உங்கள் மாநிலத்தின் சட்டம், உங்கள் கண். வெடிமருந்துக்கு எப்படித் தீ வைக்கிறது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். இரும்புக் குறிக்காரருக்கு அது மூன்றாவது கேள்விதான்.

மசில்லோடர் என்றால் குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்துக் கம்பியால் கெட்டிக்கிற துப்பாக்கி. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியும், வன்னிப் பக்கத்து இடியன் துவக்கும் இதே வகைதான். அவற்றில் பெரும்பாலானவற்றின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும், சிறு ரவைகள் போட்டுச் சுடுவார்கள். இங்கே பேசுவது குழலுக்குள் சுழல்வரி வெட்டி, ஒற்றைக் குண்டைச் சுழலவிட்டு அனுப்பும் ரைஃபிள்.

சட்டப் புத்தகத்தை முதலில் திறங்கள்

பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 1974 முதல் மசில்லோடர் சீசன் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 அன்று தொடங்கும் சீசனுக்குச் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி, அதாவது ஃபிளின்ட்லாக் மட்டும்தான் அனுமதி. கேப்பு வகையோ, பின்னாலிருந்து நேராகத் தீ போகும் நவீன வகையான இன்லைனோ எடுத்துக்கொண்டு போக முடியாது. அதே மாநிலத்தில் அக்டோபரில் வரும் பெண் மான் சீசனில் இன்லைனும் ஆகும், தொலைநோக்கியும் ஆகும். ஆக, பென்சில்வேனியாக்காரர் முதலில் தீர்மானிக்க வேண்டியது தனக்கு அக்டோபரா, பனி விழும் டிசம்பர் கடைசியா என்பதைத்தான். துப்பாக்கி அதற்கு அப்புறம்.

கொலராடோவில் செப்டம்பர் நடுவில் மசில்லோடர் சீசன் வரும். எல்க் என்ற பெரிய மான் வகையின் வேட்டைக்குப் பேர்போன மாநிலம். அங்கே இன்லைன் ஆகும், ஆனால் அந்த சீசனில் தொலைநோக்கி ஆகாது. மாத்திரை வடிவ மருந்து கூடாது, குண்டைச் சுற்றி பிளாஸ்டிக் உறை போடும் சாபாட்டும் கூடாது. மானுக்குக் குறைந்தது .40 காலிபர், எல்க்குக்கு .50. ஐடஹோவில் மசில்லோடருக்கு மட்டும் என்று ஒதுக்கிய சீசன்களில் இன்னும் கறார்: சுத்தியல் வெளியே தெரிய வேண்டும், இன்லைன்களில் தீ வைக்கும் 209 பிரைமர் ஆகாது, தூள் மருந்தை அளந்துதான் போட வேண்டும். குறியைப் பொறுத்தவரை வெட்டுள்ள திறந்த குறியோ, சிறு வளையம் வழியாகப் பார்க்கும் துளைக் குறியோ வைத்துக்கொள்ளலாம். மான்டானா 2021இல் பாரம்பரிய மசில்லோடருக்கென்று டிசம்பரில் 9 நாள் சீசனைத் தொடங்கியது. அதற்கும் தூள் மருந்து, வெறும் ஈயக் குண்டு, இரும்புக் குறிதான். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. அங்கே இருப்பவர் ஈயமில்லாத குண்டு எந்தத் துப்பாக்கியில் ஒழுங்காகப் போகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இந்த விதிகள் அவ்வப்போது மாறும், அந்த ஆண்டுக்கான புத்தகத்தை மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில் பாருங்கள். ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மேற்கு மாநிலங்களின் கறாரான விதிகளுக்குள் சிக்கலில்லாமல் பொருந்துவது கேப்பு வகைதான். பென்சில்வேனியாவின் கடைசி சீசன் ஒன்றைத் தவிர மேலே சொன்ன எல்லாவற்றிலும் அது செல்லும். நாளைக்கு வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போனாலும் துப்பாக்கி கூடவே வரும்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கருமருந்து மசில்லோடரைப் பழங்காலத் துப்பாக்கி என்று தனியே வைக்கிறது. ஆனால் குழலை மாற்றினால் நவீனத் தோட்டா சுடக்கூடிய மாடல்கள் அந்தச் சலுகைக்குள் வராது. மாநிலச் சட்டங்களும் வேறுபடுகின்றன. நியூ ஜெர்சி மசில்லோடரையும் மற்றத் துப்பாக்கி போலவே நடத்துகிறது. குடியுரிமை விண்ணப்பம் நடுவில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கட்டாயம் கேட்டுவிடுங்கள்.

இரும்புக் குறி எவ்வளவு தூரத்துக்கு?

என் பார்வையில் முழுத் தீர்மானமும் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் கணக்குப் போடலாம்.

மசில்லோடரின் முன்குறி பெரும்பாலும் ஒரு சிறு மணியோ தகடோ. அகலம் 0.08 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நீளக் குழல் துப்பாக்கியில் உங்கள் கண்ணிலிருந்து அது சுமார் 40 அங்குலத்தில் இருக்கும். 100 கெஜத்தில் அந்த மணி 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தை மறைக்கும், 50 கெஜத்தில் அதில் பாதி. மானின் நெஞ்சுக்கூட்டில் குண்டு பட வேண்டிய இடம் ஏறக்குறைய 8 அங்குல வட்டம். 100 கெஜத்தில் குறியே அந்த வட்டத்தை மூடிவிடுகிறது. இதே மணியை 24 அங்குலக் குட்டைக் குழலில் வைத்தால் கண்ணிலிருந்து 32 அங்குலம்தான் இருக்கும், மறைக்கும் அகலம் 9 அங்குலம். இலக்கை விடக் குறி பெரிதாகிவிட்டது.

அடுத்தது முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே உள்ள தூரம். நீங்கள் முன்குறியை பின்குறியின் வெட்டில் நடுவாக வைத்துவிட்டதாக நினைக்கிறீர்கள், ஆனால் அது நூறில் ஒரு பங்கு அங்குலம் ஓரமாக இருக்கிறது. இரண்டு குறிகளுக்கும் இடையே 24 அங்குலம் இருந்தால் 100 கெஜத்தில் குண்டு ஒன்றரை அங்குலம் விலகும். 16 அங்குலம்தான் இருந்தால் இரண்டேகால் அங்குலம். மங்கலான வெளிச்சத்தில், குளிரில் விரைத்த விரலோடு, மூச்சு வாங்கிக்கொண்டே சுடும்போது இந்தப் பிழை இரட்டிப்பாகவும் மூன்று மடங்காகவும் ஆகும்.

தூக்கிச் செல்ல வசதி என்று குட்டைக் குழல் துப்பாக்கியை விற்பனையாளர் பரிந்துரைப்பார். தொலைநோக்கி மாட்டுகிறவருக்கு அது சரியான யோசனைதான். இரும்புக் குறிக்காரருக்கு நீளமும் முன்பக்கத்து எடையும் உதவி. நீளக் குழல் கையில் ஆடாமல் நிற்கும்.

அப்புறம், குண்டு. .50 துப்பாக்கியில் போடும் .490 அங்குல உருண்டைக் குண்டின் எடை சுமார் 177 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ பதினொன்றரை கிராம். 80, 90 கிரெய்ன் மருந்தோடு அது வாயை விட்டு வினாடிக்கு 1,700 அடிக்கு மேல் கிளம்பும். உருண்டை வடிவம் காற்றைக் கிழிக்கத் தெரியாதது, 100 கெஜம் போவதற்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். 75 கெஜத்துக்குள் மானுக்கு இது தாராளமாகப் போதும். நடுவில் பாயும் மென்மையான ஈய உருண்டை இதயத்தையும் நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியேறுவது சாதாரணம். ஆக, குறியும் குண்டும் ஒரே தூரத்தில்தான் நிற்கச் சொல்கின்றன. 75 கெஜம், நல்ல வெளிச்சத்தில் நன்றாகப் பழகியவருக்கு 100.

இதை ஏற்றுக்கொண்டால் இன்லைனின் பெரிய விளம்பரமான 200 கெஜத் திறனுக்கு உங்களுக்கு உபயோகமில்லை. இரும்புக் குறியில் 200 கெஜத்தில் அந்த மணி ஒரு மானின் நெஞ்சுக்கு முன்னால் 14 அங்குலத்துக்கு மேல் மறைத்துக்கொண்டு நிற்கும். அவ்வளவு தூரத்தில் சுட்டு மானைக் காயப்படுத்தி அலையவிடுவதை எந்த வேட்டைக்காரரும் விரும்பக் கூடாது.

கண்ணைப் பற்றியும் நேர்மையாக யோசிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பின்குறி மங்கும். திறந்த வெட்டுக் குறியில் பின்குறி, முன்குறி, மான் என்று மூன்று தூரங்களைக் கண் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தக் கண்ணாலும் அது முழுதாக முடியாது. முன்குறியைக் கூர்மையாகப் பார்த்து, மற்ற இரண்டையும் கொஞ்சம் மங்கவிட வேண்டும். பின்குறியைக் குழலில் சற்று முன்னால் தள்ளிப் பொருத்தினால் வயதான கண்ணுக்கு அது தெளியும். இன்னும் நல்ல வழி துளைக் குறி. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வளையம், அதன் வழியாகப் பார்த்தால் போதும், வளையத்தைப் பார்க்கவே வேண்டாம். கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளும். உங்கள் மாநிலம் துளைக் குறியை அனுமதித்தால், நீங்கள் வாங்கும் துப்பாக்கியின் பின்பகுதியில் அதை மாட்டத் துளையிட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பச்சையும் சிவப்பும் ஒளிரும் நார்க் குறிகள் பல துப்பாக்கிகளில் கடையிலேயே மாட்டி வருகின்றன. அந்தி வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும், உண்மை. ஆனால் பளீர் வெயிலில் அந்தப் புள்ளி வீங்கித் தெரிந்து இலக்கை மூடும், புதரில் உரசினால் நார் உடையும். இருண்ட ஹெம்லாக் ஊசியிலைக் காட்டுக்குள் உட்காருகிறவருக்கு அது நல்லது. திறந்த மலைச்சரிவில் நடப்பவருக்கு மெல்லிய, தட்டையான மேல்விளிம்புள்ள முன்குறி மேல்.

கல், கேப்பு, இன்லைன்

ஃபிளின்ட்லாக்கில் ஒரு கூரான சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் மோதி, பொறி கீழே இருக்கும் சிறு கிண்ணத்தில் விழுந்து, அங்கே வைத்த நுண்மருந்து பற்றி, அந்தத் தீ குழலின் பக்கத்துத் துளை வழியே உள்ளே போக வேண்டும். நல்ல பூட்டு (கல்லை மோதவிடும் பொறியமைப்பு), கூரான கல், உலர்ந்த மருந்து மூன்றும் அமைந்தால் இது நம்ப முடியாத அளவுக்கு வேகமாக நடக்கும். ஒன்று குறைந்தால் கிண்ணத்தில் மட்டும் தீ எரிந்து அடங்கும், மான் நின்று உங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடும். முகத்துக்கு முன்னால் தீ எரியும்போது கண்ணை மூடாமல், குறி அசையாமல் வைத்திருக்கப் பல மாதப் பழக்கம் வேண்டும். இதைப் பழகியவர் எந்தத் துப்பாக்கியிலும் நல்ல குறிகாரர் ஆகிவிடுவார் என்பது உண்மை. ஆனால் புதியவர் இரும்புக் குறியையும் ஃபிளின்ட்லாக்கையும் ஒரே நேரத்தில் பழகும்போது குண்டு ஏன் விலகியது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் தவிப்பார். குறியா, விசையா, பயமா, பூட்டா?

இன்னொரு சிக்கல் மருந்து. பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள அதிக வெப்பம் வேண்டும். கிண்ணத்துத் தீ அதற்குப் போதாது. ஃபிளின்ட்லாக்குக்கு நிஜக் கருமருந்துதான் வேண்டும். அது வெடிபொருள் பட்டியலில் இருப்பதால் பெரும்பாலான விளையாட்டுப் பொருள் கடைகளில் வைப்பதில்லை, வெளியூரிலிருந்து வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் தனி. கோயெக்ஸ் மருந்து தயாரித்த லூயிசியானா ஆலையை மூடப்போவதாக 2021இல் அறிவிப்பு வந்தபோது ஃபிளின்ட்லாக்காரர்கள் தவித்துப் போனார்கள். அடுத்த ஆண்டு எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கிய பிறகுதான் நிம்மதி. கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய சீசனுக்கு நீங்கள் போகப்போகிறீர்கள் என்றால் இதையெல்லாம் மனதார ஏற்றுக்கொண்டு ஃபிளின்ட்லாக் வாங்குங்கள். ஆனால் பூட்டில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான ஃபிளின்ட்லாக்கின் கஷ்டம் எல்லாமே அதன் சின்னஞ்சிறு பூட்டிலிருந்து வருகிறது.

கேப்பு வகை பிறந்ததே வேட்டைக்காரர் ஒருவரின் எரிச்சலில்தான். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத், கிண்ணத்துத் தீயைப் பார்த்த பறவைகள் குண்டு வருவதற்குள் விலகிவிடுவதைக் கண்டு, அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தால் மருந்தைப் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1807இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய செம்புக் கேப்பு அதன் வழி வந்தது. நிப்பிள் என்கிற சிறு குழாய் முனையில் கேப்பைப் பொருத்திச் சுத்தியலால் அடித்தால் உடனே தீ. தூறலிலும் பெரும்பாலும் வேலை செய்யும். பைரோடெக்ஸ் போட்டாலும் சுடும் என்பதால் பக்கத்துக் கடையிலேயே மருந்து கிடைக்கும்.

அதற்கும் குறை உண்டு. கேப்புத் தீ சிறு வழியில் வளைந்து போய்த்தான் மருந்தை அடைகிறது. சுத்தம் செய்தபோது போட்ட எண்ணெய் அந்த வழியில் தேங்கியிருந்தால் வேட்டை நாளில் முதல் அடி வீணாகும். மருந்து போடும் முன் வெறும் கேப்பை ஒன்றிரண்டு தடவை அடித்துக் குழல் வாயைத் தரையில் ஒரு காய்ந்த இலைக்கு நேராகப் பிடியுங்கள். இலை பறந்தால் வழி திறந்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் 11ஆம் எண் கேப்பு பல கடைகளில் கிடைக்காமல் போனது. எனவே நிறையக் கிடைக்கும்போது வாங்கி வைப்பது நல்லது.

இன்லைனில் தீ நேராகப் பின்னாலிருந்து மருந்துக்குள் போகிறது. மிசௌரியின் டோனி நைட் 1985இல் எம்.கே.-85 என்ற ரைஃபிளைக் கொண்டுவந்த பிறகு இந்த வகை சந்தையையே பிடித்துக்கொண்டது. 209 பிரைமர், நனையாத பூட்டு, பின்பக்க மரையைக் கழற்றி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துத் துடைக்க வசதி, குறைந்த விலை. நம்பகத்தில் இதை மிஞ்ச எதுவுமில்லை. நவம்பர் மழையில் மூன்று வகையையும் வைத்தால் கடைசிவரை சுடுவது இன்லைன்தான்.

பிறகு ஏன் நான் அதை முதலில் சொல்லவில்லை? இரும்புக் குறி அதற்குப் பிற்சேர்க்கையாகிவிட்டது. பல மாடல்களில் இரும்புக் குறியே வருவதில்லை. வருபவற்றிலும் கட்டையின் கன்னப் பகுதி தொலைநோக்கி உயரத்துக்குச் செய்யப்பட்டிருக்கும், குழலோடு ஒட்டிய குறியைப் பார்க்கக் கன்னத்தை அழுத்தி நசுக்க வேண்டியிருக்கும். ஹாக்கன், பென்சில்வேனியா என்ற பழைய பாணிக் கட்டைகள் இதற்கு நேர்மாறு. திறந்த குறிக்காகவே சரிவாகச் செதுக்கியவை. கண்ணை மூடித் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்தால் குறி தானாக எதிரில் நிற்க வேண்டும். கடையில் மூன்று வகையையும் இப்படி ஏற்றிப் பாருங்கள். வித்தியாசம் அரை நிமிடத்தில் தெரியும். ஹாக்கன் பாணியில் கட்டையின் முனை பிறை போல வளைந்திருந்தால் அதைத் தோள் குழியில் வைக்காமல் மேல்கைக்கும் தோளுக்கும் நடுவில் வையுங்கள். குழியில் வைத்தால் வலிக்கும்.

சுழல்வரியும் குண்டும்

குழலுக்குள் வரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதுதான் எந்தக் குண்டு நேராகப் போகும் என்று தீர்மானிக்கிறது. 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் துணித்துண்டில் சுற்றிய உருண்டைக் குண்டுக்கானது. 28 அங்குலத்துக்கு ஒன்று என்றால் நீளக் குண்டுக்கும் சாபாட்டுக்கும், இன்லைன்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். 48 அங்குலத்துக்கு ஒன்று என்பது நடுவழி. உருண்டையும் போகும், குட்டையான கூம்புக் குண்டும் ஓரளவு போகும்.

நடுவழி என்றாலே எதிலும் சிறப்பில்லை என்று நீளக் குழல் பிரியர்கள் சொல்வார்கள். 75 கெஜத்துக்குள் அந்தக் குறை குறியின் பிழைக்குள் மறைந்துவிடும். முதல் துப்பாக்கிக்கு 48 நல்லது, ஏனென்றால் உங்கள் மாநில விதியும் உங்கள் விருப்பமும் எந்தப் பக்கம் போகும் என்று இன்னும் உங்களுக்கே தெரியாது. உருண்டைக் குண்டு மட்டுமே சுடுவேன் என்று உறுதியாக இருப்பவர் 60க்குப் போகலாம். எல்க் வேட்டை மனதில் இருந்தால் .54 யோசியுங்கள். அதன் உருண்டைக் குண்டு .50இன் குண்டை விட ஏறத்தாழ 50 கிரெய்ன் கூடுதல் எடை. மானுக்கு மட்டும் என்றால் .50 போதும், குண்டும் துணியும் எங்கும் கிடைக்கும்.

எந்த வகை வாங்கினாலும் இதை மறக்கக் கூடாது: நவீனப் புகையிலா மருந்தை இதில் ஒருபோதும் போடக் கூடாது, குழல் வெடித்துவிடும். மருந்தைக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாமல் அளவைக் குப்பியில் ஊற்றிப் போட வேண்டும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் கெட்டிக்க வேண்டும். சரியான அளவு மருந்தோடு குண்டு முழுதாக உட்கார்ந்தபோது கம்பி எவ்வளவு வெளியே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு வைத்தால் இடைவெளி இருக்கிறதா என்று உடனே தெரியும்.

கடையில் எதைக் கேட்பது

புதிதாக வாங்குவோருக்கு டிரடிஷன்ஸ் நிறுவனத்தின் ஹாக்கன் உட்ஸ்மன் எளிதில் கிடைக்கும். .50 காலிபர், 28 அங்குலக் குழல், 48 சுழல், இரட்டை விசை. பின்விசையை முதலில் அழுத்தி வைத்தால் முன்விசை தொட்டாலே விடும், இரும்புக் குறிக்கு இது பெரிய வரம். ஆப்பு ஒன்றைத் தட்டி எடுத்தால் குழல் கட்டையிலிருந்து கழன்று வரும், வாளி வெந்நீரில் அதன் அடிப்பகுதியை நிறுத்திக் கழுவலாம். கருமருந்துக் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும், அன்றைக்கே கழுவ வேண்டும் என்பதால் இந்த ஒரு வசதியே பெரிய விஷயம். மரவேலைப்பாடு சுமார்தான், ஆனால் குழல் நேராகச் சுடும்.

என் மனதுக்குப் பிடித்தது லைமன் கிரேட் பிளெய்ன்ஸ். இத்தாலியின் இன்வெஸ்டார்ம் செய்து கொடுத்தது. 32 அங்குலக் குழல், 60 சுழல், கையில் கனமாக, அசையாமல் நிற்கும். அதன் தம்பியான டிரேட் ரைஃபிள் 28 அங்குலம், 48 சுழல். இரண்டையும் இப்போது பழைய துப்பாக்கிச் சந்தையில்தான் தேட வேண்டும். தாம்சன் சென்டர் ஹாக்கனும் அப்படித்தான். 1970இல் வந்த அந்தத் துப்பாக்கிதான் அமெரிக்காவில் கருமருந்து வேட்டையைத் திரும்பக் கொண்டுவந்தது, எத்தனையோ வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் புதியதை விட்டுவிட்டு அதை வாங்குங்கள். அதன் பின்குறியை மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்தலாம்.

ஃபிளின்ட்லாக் கட்டாயம் என்றால், கிப்ளர் நிறுவனம் விற்கும் உதிரித் தொகுப்புகளைப் பாருங்கள். பெரும்பகுதி வேலை இயந்திரத்தில் முடித்து வரும், சேர்ப்பதும் மெருகேற்றுவதும் நம் வேலை. ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், ஆனால் பூட்டு தரமானது. அவ்வளவு முடியாதவர் இத்தாலியின் பெடர்சோலியில் பழையது தேடலாம்.

இன்லைன்தான் வேண்டும் என்று சிலர் தீர்மானிக்க நியாயமான காரணங்கள் உண்டு. சிறு குழந்தைகளும் வேலையும் வைத்துக்கொண்டு பயிற்சிக்குச் சில சனிக்கிழமைகள் மட்டுமே கிடைக்கிறவர், நாளைக்குத் தொலைநோக்கி மாட்டும் எண்ணம் உள்ளவர், இடது கைக்காரர். பக்கவாட்டுப் பூட்டு வலது பக்கத்தில்தான் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுட்டால் தீயும் கேப்புத் துணுக்கும் முகத்துப் பக்கம் வரும். இடது கை மாடல்கள் உண்டு, ஆனால் தேட வேண்டும். இன்லைனில் இந்தத் தொல்லை இல்லை. அப்படியானால் சி.வி.ஏ. ஆப்டிமாவை இரும்புக் குறியோடு வரும் வடிவத்தில் கேளுங்கள், விதி இடம் கொடுத்தால் துளைக் குறியையும் மாட்டிவிடுங்கள். அதே நிறுவனத்தின் உல்ஃப் இன்னும் மலிவு, எடையும் குறைவு, ஆனால் குழல் குட்டை. மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும். டிரிபிள் செவன் மருந்து போட்டால் அடியில் ஒரு கெட்டியான கசட்டு வளையம் உண்டாகி இரண்டாவது குண்டு உட்காராமல் அடம்பிடிக்கும். ஒவ்வொரு சுடுகைக்கும் நடுவில் ஈரத் துணியால் ஒரு முறை துடையுங்கள்.

பழையது வாங்கும்போது முதலில் கம்பியைக் குழலுக்குள் விட்டு அது அடிவரை போகிறதா என்று வெளியே வைத்து அளந்து பாருங்கள். மருந்தும் குண்டும் போட்ட நிலையிலேயே வருடக்கணக்காகச் சுவரில் தொங்கிய துப்பாக்கிகள் விற்பனைக்கு வருகின்றன. அப்புறம் ஒரு சிறு விளக்கை உள்ளே போட்டு வரிகளைப் பாருங்கள். வாயருகே பளபளப்பும் அடியில் கருந்துளைகளும் இருந்தால் அதைச் சுட்டவர் ஒழுங்காகக் கழுவவில்லை. வெளியே கட்டை கீறியிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சுத்தியல் பாதி ஏற்றத்தில் நின்றபின் விசையை அழுத்தினால் விழக் கூடாது, விழுந்தால் அந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்குவதை வசந்த காலத்தில் முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் எல்லோரும் கடைக்கு வருவார்கள், கேப்பும் மருந்தும் தீரும். கோடை முழுக்க 50 கெஜத்தில் 70 கிரெய்னில் தொடங்கி ஐந்து ஐந்தாக, தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டாமல் மருந்தைக் கூட்டிப் பாருங்கள். குண்டுகள் எங்கே நெருக்கமாக விழுகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். குண்டு கீழே விழுந்தால் முன்குறியை அரத்தால் துளித்துளியாகத் தேயுங்கள், முன்குறி குறையக் குறைய குண்டு மேலே ஏறும். ஒரேயடியாகத் தேய்த்தால் திரும்பச் சேர்க்க முடியாது, அதனால் இரண்டு தேய்ப்புக்கு நடுவில் மூன்று குண்டாவது சுட்டுப் பாருங்கள்.